பள்ளி முடிகிறது: ஆட்டிச நிலையிலுள்ள 19 வயதுத் தம்பிக்கும் எங்கள் குடும்பத்துக்கும் எந்தச் சேவைகளைத் தேட வேண்டும்?

மூத்தவள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 19 வயது ஆகிறது. மிகச் சிறு வயதிலேயே ஆட்டிசம் என்று உறுதி செய்யப்பட்டது. அவன் படித்துவரும் சிறப்புப் பள்ளியில், வயது வரம்பைக் காரணம் காட்டி, இந்தக் கல்வியாண்டுக்குப் பிறகு அவனுக்கு இடமில்லை என்று தெரிவித்துவிட்டார்கள். அவன் பேசும் சொற்கள் மிகக் குறைவு. பள்ளியில் பட அட்டைகளை எடுத்துக் கொடுத்துத் தனக்கு வேண்டியதைக் கேட்கிறான். வீட்டில் அந்தப் பழக்கம் ஏற்படவில்லை. கையைப் பிடித்து இழுத்துச் சென்று காட்டுவான், புரியாவிட்டால் கத்துவான். கடந்த சில மாதங்களாக மாலை நேரங்களில் தன் தாடையில் தானே குத்திக்கொள்கிறான், தூக்கமும் குறைந்துவிட்டது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் கொடுத்தால் அடங்குகிறான், ஆனால் உடல் எடை கூடிக்கொண்டே போகிறது.

சிறு குழந்தைகளுக்கான தெரபிகளைப் பற்றித் தேடினால் பக்கம் பக்கமாகத் தகவல் கிடைக்கிறது. வளர்ந்தவர்களுக்கென்று தேடினால் எனக்குக் கிடைத்தவை இரண்டுதான்: ஓராண்டு தங்க வைத்துப் பயிற்சி கொடுத்து அனுப்புவதாகச் சொல்லும் ஓர் இல்லம், ஸ்டெம் செல் ஊசியால் குணப்படுத்துவதாகச் சொல்லும் ஒரு விளம்பரம். அம்மா நிம்மதியாக வெளியே சென்று வந்து ஆண்டுக்கணக்கில் ஆகிறது. அப்பாவுக்கும் வயதாகிவிட்டது. நான் வேறு ஊரில் வேலை பார்க்கிறேன். இந்த வயதில் அவனுக்கு உண்மையில் பயன்படக்கூடிய சேவைகள் எவை, அவற்றில் எதை முதலில் தேட வேண்டும், அம்மாவுக்கென்று ஏதேனும் உதவி உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

திண்ணைக்காரர் (பதில்)

உங்களைவிட வயதில் மூத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன், அம்மா. என் மகளுக்கு முப்பது வயது கடந்துவிட்டது. அவளும் ஆட்டிச நிலையாளர்தான். நீங்கள் கேட்ட வரிசையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். இல்லம், பயிற்சி, வேலை ஆகிய எல்லாவற்றையும் ஒரு மாதம் தள்ளி வையுங்கள். முதலில் தேட வேண்டியது ஒரு நல்ல பல் மருத்துவரை.

இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. வலிக்கிறது என்று சொல்ல வழியில்லாத ஒருவர், முன்பு இல்லாத ஒரு செயலைத் திடீரென்று தொடங்கினால், அதை நடத்தைக் கோளாறு என்று எழுதிவைப்பதற்கு முன்னால் உடம்பைப் பார்த்தாக வேண்டும். தாடையில் குத்துகிறான் என்றால் பல், ஈறு, காது ஆகிய மூன்றும் முதல் சந்தேகத்துக்குரியவை. அடுத்தது வயிறு, மலச்சிக்கலும், உணவுக்குழாயில் அமிலம் மேலேறி வருவதும் ஆட்டிச நிலையாளர்களிடம் அடிக்கடி காணப்படுபவை, தூக்கத்தையும் கெடுப்பவை. அதன் பிறகு வலிப்பு. ஆட்டிச நிலையாளர்களுக்கு வலிப்பு நோய் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது, அது தலைகாட்டும் பருவங்களில் வளரிளம் பருவமும் ஒன்று. எல்லா வலிப்பும் கை கால் வெட்டி இழுப்பதாக இருக்காது. சில நொடிகள் வெறித்துப் பார்ப்பதோடு முடிந்துவிடுவதும் உண்டு. முன்பு தானாகச் செய்துகொண்டிருந்த வேலைகளில் மிகவும் மந்தமாகிவிடுவது, கதவருகே அடி எடுத்து வைக்காமல் உறைந்து நிற்பது போன்றவை புதிதாகத் தென்பட்டால் அதையும் மருத்துவரிடம் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அது உடலசைவுகள் உறைந்துபோகும் கேட்டடோனியா என்ற நிலையாக இருக்கலாம், அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது.

மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு வாரம் குறிப்பெடுங்கள். எந்தப் பக்கத் தாடை, எந்த நேரம், சாப்பிடுவதற்கு முன்பா பின்பா, கடினமானதை மெல்லும்போது ஒரு பக்கமாகத் தள்ளுகிறானா, குளிர்ந்த நீரை மறுக்கிறானா, கடைசியாக எப்போது மலம் கழித்தான் ஆகியவற்றை எழுதி வைத்தால் போதும். கைபேசியில் ஒரு காட்சியைப் பதிந்து எடுத்துச் செல்வது பத்து நிமிட விளக்கத்தைவிட அதிகம் பேசும். பல் மருத்துவரிடம் அன்றே வாயைத் திறக்க வைக்க முயல வேண்டாம். முதல் தடவை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து வரட்டும், அடுத்த தடவை கண்ணாடியையும் விளக்கையும் கையில் வாங்கிப் பார்க்கட்டும். வேறு வழியே இல்லையென்றால் மயக்க மருந்து கொடுத்துப் பார்க்கும் வசதியுள்ள மருத்துவமனையைத் தேட வேண்டியிருக்கும். அப்படி ஒரு நாள் அமைந்தால், இரத்தப் பரிசோதனை, காது பார்ப்பது, நகம் வெட்டுவது எல்லாவற்றையும் அன்றே முடித்துக்கொள்ள முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் பெயரைக் குறிப்பிடவில்லை, ஆனால் எடை கூடுகிறது என்பதைப் பார்த்தால் ரிஸ்பெரிடோன் வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ரிஸ்பெரிடோனுக்கு 2006-இலும் அதே வகையைச் சேர்ந்த அரிப்பிப்ரசோலுக்கு 2009-இலும் அனுமதி கொடுத்தது ஆட்டிசத்துக்காக அல்ல. ஆட்டிச நிலையிலுள்ள சிறுவர்களுக்கு ஏற்படும் கடும் எரிச்சலுக்கும் தாக்கும் போக்குக்குமாகத்தான். ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளை மாற்றும் மருந்து எதுவும் இல்லை. ஆகவே எதற்காக இது கொடுக்கப்படுகிறது, எதைப் பார்த்து நிறுத்துவது, எடையையும் இரத்தச் சர்க்கரையையும் யார் கண்காணிப்பது என்று மருத்துவரைக் கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று மட்டும் நிறுத்திவிட வேண்டாம். பல்வலிக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தாலும் பிள்ளை அடங்கத்தான் செய்வான். பல் அப்படியேதான் இருக்கும்.

ஸ்டெம் செல் விளம்பரத்தைப் பொருட்படுத்தவே வேண்டாம். ஆட்டிசத்துக்கு அது பயன் தருகிறது என்று நிரூபிக்கப்படவில்லை, பக்க விளைவுகள் மட்டும் உண்மையானவை. உடம்பிலுள்ள உலோகங்களை வெளியேற்றுவதாகச் சொல்லும் கீலேஷன் என்றொரு முறையும் இப்படித்தான் விற்கப்பட்டது. 2005-இல் அமெரிக்காவில் கீலேஷன் ஊசியால் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தே போனான்.

படஅட்டை (பதில்)

வணக்கம். நான் பேச்சு, மொழிப் பயிற்சியாளராகப் பணிபுரிகிறேன், பெரும்பாலும் வளர்ந்தவர்களுடன். மேலே ஐயா சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். என் பங்குக்கு, உங்கள் கேள்வியில் ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொள்கிறேன்: பள்ளியில் அட்டையைக் கொடுத்துக் கேட்கிறான், வீட்டில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளி முடியும் நாளில் அவனுடைய பேச்சும் முடிந்துவிடப்போகிறது என்பதுதான் இதற்குப் பொருள். ஆகவே கல்வியாண்டு முடிவதற்குள், அந்த அட்டைத் தொகுப்பின் ஒரு பிரதியையும், ஆசிரியர் அதை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதைக் காட்டும் சில காணொளிகளையும் பள்ளியிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். பிற்பாடு அதை அறிந்த ஆசிரியர் அங்கே இருப்பாரா என்பது நிச்சயமில்லை.

அட்டை பரிமாறிக் கேட்கும் இந்த முறை 1985-இல் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் ஆகிய இருவரால் உருவாக்கப்பட்டது. இப்போது இதையே டேப்லெட் கருவியிலும் செய்யலாம். படத்தைத் தொட்டால் கருவி பேசும். பத்தொன்பது வயதில் தொடங்கினால் தாமதம் ஆகிவிட்டதா என்று கேட்பவர்கள் அநேகர். இல்லை. அட்டையோ கருவியோ கொடுத்தால் இருக்கும் பேச்சும் போய்விடும் என்ற அச்சத்துக்கும் ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. சிலருக்குப் பேச்சு சற்றுக் கூடியதாகவே பதிவாகியிருக்கிறது.

நான் பார்க்கும் வீடுகளில் அட்டைகள் தோற்பதற்கு ஒரு காரணம், அவற்றில் உணவும் பொம்மையும் மட்டுமே இருப்பது. பொருளைக் கேட்பதற்கு அவனுக்கு உங்கள் கையை இழுத்தாலே போதும், பிறகு அட்டை எதற்கு? இழுத்துக் காட்ட முடியாதவற்றை அட்டையில் வையுங்கள்: வேண்டாம், போதும், வலிக்கிறது, சத்தம், தனியாக இருக்க வேண்டும், அக்கா எப்போது வருவாள். 'வேண்டாம்' என்ற அட்டையை அவன் காட்டும்போது, முடிந்தவரை அதற்கு மரியாதை கொடுங்கள்; காட்டியும் பயனில்லை என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அவன் பழையபடி கத்துவதற்கே திரும்புவான். வீட்டிலுள்ளோரும் பேசும்போது அதே படங்களைத் தொட்டுக் காட்டிப் பேச வேண்டும். அட்டையை உயரமான அலமாரியில் வைத்துவிட்டு, நல்லபடியாக நடந்துகொண்டால் தருகிறேன் என்று சொல்வது ஒருவரின் வாயைக் கட்டிப்போடுவதற்கு ஒப்பானது.

ஓர் எச்சரிக்கை. அவன் கையையோ முழங்கையையோ பிடித்துக்கொண்டு எழுத்துப் பலகையில் சொற்களைத் தட்டவைத்து, இதோ உள்ளே இவ்வளவு அறிவு இருக்கிறது என்று காட்டும் முறை ஒன்று உண்டு. பிடித்திருப்பவருக்கும் அவனுக்கும் வெவ்வேறு படங்களைக் காட்டிச் சோதித்தபோது, பிடித்திருப்பவர் பார்த்த படத்தின் பெயரே எழுத்தாக வந்தது. இது 1990-களிலேயே தெளிவாகிவிட்டது. அமெரிக்கப் பேச்சு, செவித்திறன் வல்லுநர் சங்கமும் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2018-இல் மறுபடி வலியுறுத்தியது. அவன் அறிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவன் சொல்லாததை அவன் பெயரில் இன்னொருவர் எழுதக்கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

பள்ளிக்குப் பிறகான பகல் பொழுதுக்கு, தொழிற்பயிற்சி மையமோ பகல்நேர மையமோ எதுவானாலும், அங்கே வேலை எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆட்டிச நிலையாளர்களுக்காக 1972-இல் தொடங்கிய டீச் (TEACCH) திட்டம் உருவாக்கிய அமைப்பு இன்றும் பயன்படுகிறது. அவன் உட்காரும் மேசையின் இடப்பக்கத்தில் செய்ய வேண்டியவை கூடைகளில் இருக்கும், முடித்தவை வலப்பக்கக் கூடைக்குப் போகும், இடப்பக்கம் காலியானால் வேலை முடிந்தது, அடுத்து என்ன என்பது கடைசிக் கூடையின் மேல் படமாக ஒட்டப்பட்டிருக்கும். என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடியும், பிறகு என்ன ஆகிய நான்குக்கும் யாரும் வாய் திறக்காமலே விடை கிடைத்துவிடுகிறது. முடிவு தெரியாத வேலைதான் பலரைப் பதற வைக்கிறது. இதே ஏற்பாட்டை வீட்டில் துணி மடிப்பதற்குக்கூடச் செய்து பார்க்கலாம்.

மெல்லிய ஒலி (பதில்)

நானே ஆட்டிச நிலையாளர். வளர்ந்த பிறகு கண்டறியப்பட்டவன். உங்கள் தம்பிக்குத் தேவைப்படும் அளவுக்கு எனக்கு அன்றாட உதவி தேவையில்லை என்பதால், அவர் சார்பாகப் பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

மாலை நேரம் என்கிறீர்கள். பல் மருத்துவர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால், மாலையில் வீட்டில் என்னென்ன ஒன்றாகச் சேர்கின்றன என்று கவனியுங்கள். தொலைக்காட்சி, சமையலறைச் சத்தம், குழல் விளக்கின் ரீங்காரம், வெளியிலிருந்து வருபவர்கள், நாள் முழுவதும் பள்ளியில் தாங்கிக்கொண்டதன் களைப்பு எல்லாம் ஒரே மணிநேரத்தில் குவிகின்றன. என்னைப் பொறுத்தவரை ஒலி என்பது காதில் விழுவது அல்ல, பல்லில் இறங்குவது. அன்றாடச் செயல்களுக்கு உதவும் ஆக்குபேஷனல் தெரபி சேவையை நாடும்போது, கையெழுத்தையும் பொத்தான் போடுவதையும்விட இந்த மாலை நேரத்தை ஆராய்ந்து தருமாறு கேளுங்கள். ஒலி குறைக்கும் காது மூடி, மங்கிய விளக்கு, யாரும் பேசாமல் இருக்கும் அரை மணி நேரம் ஆகியவை பெரிய செலவு வைப்பவை அல்ல. கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது போன்றவற்றை நிறுத்துவதை ஓர் இலக்காக எழுதிவைக்கும் மையத்தை நான் நம்ப மாட்டேன். அவை யாருக்கும் தீங்கு செய்வதில்லை, எங்களை நிலைப்படுத்துகின்றன. தன்னைத்தானே குத்திக்கொள்வது வேறு, அதற்குக் காரணம் தேட வேண்டும்.

இரண்டாவது, எந்த மையத்தைப் பார்க்கப் போனாலும் உங்கள் தம்பியையும் அழைத்துச் செல்லுங்கள். ஆட்டிச நிலையாளரான ஆய்வாளர் டாமியன் மில்டன் 2012-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். எங்களுக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்பது பாதி உண்மைதான், மற்றவர்களுக்கும் எங்களைப் புரிவதில்லை என்பது மறுபாதி என்றார் அவர். உங்கள் தம்பி சொற்களால் பதில் சொல்லமாட்டார் என்பதால் பதிலே இல்லை என்று ஆகிவிடாது. உள்ளே நுழையும்போது அவர் தோள் இறுகுகிறதா, வாசலிலேயே நிற்கிறாரா, ஒரு மூலையில் தானாகப் போய் உட்கார்கிறாரா என்பதெல்லாம் அவருடைய கருத்துதான்.

மூத்தவள்

அனைவருக்கும் மிக்க நன்றி. பல் மருத்துவரிடம் நாள் கேட்டிருக்கிறோம். பள்ளிக்கும் கடிதம் எழுதிவிட்டேன். இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. அம்மாவுக்கு ஓய்வு கொடுப்பதற்காக, பயிற்சி பெற்ற ஒருவர் வாரத்தில் சில மணிநேரம் வீட்டுக்கு வந்து தம்பியைப் பார்த்துக்கொள்ளும் சேவை ஒன்று இருப்பதாக அறிந்தேன். அம்மா அதைக் கேட்கவே மறுக்கிறார். பெற்ற பிள்ளையை வேறொருவரிடம் விட்டுவிட்டு என்ன செய்யப்போகிறேன் என்கிறார். அடுத்தது, அவனுக்கு 18 வயது கடந்துவிட்டதால் சட்டப்படிப் பாதுகாவலர் ஒருவரை உடனே நியமித்துவிட வேண்டும் என்று உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். எனக்குப் பின்னால் நீதான் என்று அம்மாவும் சொல்கிறார். அதை மறுக்கும் எண்ணம் எனக்கு இல்லை, ஆனால் என்னால் முழுவதும் ஏற்க முடியுமா என்பதும் தெரியவில்லை.

திண்ணைக்காரர் (பதில்)

என் மனைவியும் இதையே சொன்னாள். வாதாடிப் பயனில்லை; பெயரை மாற்றுங்கள். ஓய்வுக்காக ஒருவர் வருகிறார் என்றால் எந்தத் தாயும் தன்னைக் குறை சொல்வதாகவே எடுத்துக்கொள்வாள். தம்பி இன்னொருவரிடம் பழகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னால் கேட்பார், அது உண்மையும்கூட. தாயைத் தவிர வேறு எவர் கையிலும் சாப்பிடாத ஒருவன், அந்தத் தாய் ஒரு நாள் மருத்துவமனையில் படுத்தால் என்ன ஆவான் என்பதை யோசித்துப் பாருங்கள். முதல் சில வாரங்கள் அம்மா வீட்டிலேயே, பக்கத்து அறையில் இருக்கட்டும். வருபவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும். வாரம் ஒருவரை மாற்றி அனுப்பும் சேவையால் நன்மையைவிடத் தொல்லையே அதிகம். ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவு, வறுமையில் வாடும் குடும்பங்களுக்கு அரசு செய்ய வேண்டிய உதவிகளில் இத்தகைய ஓய்வுப் பராமரிப்பையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே இதை ஒரு சொகுசு என்று யாரும் எண்ண வேண்டியதில்லை.

பாதுகாவலர் விஷயத்தில் அவசரம் வேண்டாம். அதே உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு என்றும், அதைப் பயன்படுத்த அவர்களுக்குத் துணை கிடைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அவனுக்குப் பதிலாக முடிவெடுப்பதற்கும், முடிவெடுக்க அவனுக்குத் துணை நிற்பதற்கும் இடையில் பெரிய வேறுபாடு இருக்கிறது. எந்தக் காரியத்துக்குப் பாதுகாவலர் தேவைப்படுகிறார் என்று முதலில் கேளுங்கள். வங்கிக் கணக்குக்கா, அறுவை சிகிச்சைக்கான ஒப்புதலுக்கா, சொத்துக்கா? அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் போதுமான ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் தெரிந்துகொண்டு, முழுப் பாதுகாவலை வேறு வழி இல்லாதபோது மட்டும் தேடுங்கள். ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பெறுவது எளிதன்று.

உங்கள் கடைசி ஐயத்தை வெளிப்படையாக எழுதியதற்காகவே உங்களைப் பாராட்டுகிறேன். எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதைப் பெற்றோர் இருக்கும்போதே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பணத்தையும் மருத்துவத்தையும் நீங்கள் பார்த்துக்கொண்டு, தங்குவதற்கு வேறு ஏற்பாடு செய்வதும் கைவிடுவது ஆகாது.

அந்த ஏற்பாடு எப்படிப்பட்டது என்பதுதான் முக்கியம். மனநல மருத்துவர் லியோ கேனர் 1943-இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தைத் தனி நிலையாக மருத்துவ உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. அந்தப் பதினொரு பேரும் பிறகு என்ன ஆனார்கள் என்று அவரே 1971-இல் தேடிப் பார்த்து எழுதினார். பெரிய அரசு விடுதிகளில் சேர்க்கப்பட்டவர்கள் இருந்த திறமைகளையும் இழந்து ஒடுங்கிப் போயிருந்தார்கள். முதல் குழந்தையான டொனால்ட் டிரிப்லெட்டைச் சில ஆண்டுகள் ஒரு விவசாயத் தம்பதியின் வீட்டில் விட்டிருந்தார்கள். எதையும் அளந்துகொண்டே இருக்கும் அவன் பழக்கத்தை அவர்கள் தடுக்கவில்லை. ஒரு கிணறு தோண்டச் சொல்லி, ஆழத்தை அளந்து வந்து சொல்லச் சொன்னார்கள். அவர் வளர்ந்து, தம் சிற்றூர் வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, கோல்ஃப் ஆடி, தம்மை அறிந்த மனிதர்களுக்கு நடுவிலேயே வாழ்ந்து 2023-இல் 89-ஆம் வயதில் காலமானார். குடும்பத்துக்கு வசதி இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உங்கள் தம்பியின் உதவித் தேவையும் வேறு. ஆனாலும் சிறிய இடம், தெரிந்த மனிதர்கள், விருப்பத்தை வேலையாக மாற்றத் தெரிந்தவர்கள் என்ற மூன்றையும் எந்த இல்லத்தைப் பார்க்கப் போனாலும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த ஓராண்டுப் பயிற்சி இல்லத்துக்கு வருகிறேன். பயிற்சி கொடுத்து அனுப்புகிறோம் என்பவர்களிடம் என்ன பயிற்சி, வீட்டுக்கு வந்த பிறகு அதை யார் தொடர்வது என்று கேளுங்கள். ஓர் இடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது நம் பிள்ளைகளுக்குக் கடினம், உங்கள் வீட்டு அட்டையே அதற்குச் சாட்சி. இரவில் எத்தனை பேருக்கு ஒருவர் விழித்திருக்கிறார், அவன் தன்னைக் குத்திக்கொண்டால் என்ன செய்வீர்கள், கட்டிவைப்பதோ அறையில் பூட்டுவதோ உண்டா, வேலைக்கு வந்தவர்கள் சராசரியாக எத்தனை காலம் தங்குகிறார்கள், அவன் அட்டையைப் பயன்படுத்த இங்கே யாருக்குத் தெரியும் என்பவற்றையும் கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். சேர்த்த முதல் மாதம் வீட்டார் வந்து பார்க்கக்கூடாது என்பது விதியாக இருந்தால், மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தம்பியை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.